வெளியேற்றப்பட்டோருக்காக நாம் கேட்கும் துஆ

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



 

2023 அக்டோபருக்குப் பின் பல மாதங்கள் நம் பள்ளியில் ஃபஜ்ர் தொழுகையில் குனூத்துன் நாஸிலா ஓதினோம். இரவு ஷிஃப்ட் முடித்து, ஆலைச் சீருடையோடு வந்து ஸஃப்பில் நின்ற இளைஞர்கள் தேம்பி அழுததை நாம் கண்டோம். 2025 அக்டோபரில் போர் நிறுத்தம் வருவதற்குள் காஸாவில் கொல்லப்பட்டோர் 67,000 பேரைக் கடந்துவிட்டனர் என்று அங்குள்ள சுகாதாரத்துறை கணக்குக் கூறியது. அங்கு வாழ்ந்தோரில் பத்தில் ஒன்பது பேர் ஒருமுறையேனும் வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள். அந்தக் கண்ணீர் வீண்போகாது. அதை ரப்பு அறிவான்.

ஆனால் அந்த துஆவைப் பற்றியே இன்று உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் நிர்வாகக் குழுவில் நாம் முன்வைத்த ஒரு கோரிக்கைக்கு எழுந்த எதிர்ப்பு நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. அதற்கு வருமுன் ஃபலஸ்தீன விவகாரத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம்.

1948இல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஃபலஸ்தீனியர் தம் ஊர்களை இழந்தனர். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு சென்றவர்கள் அவர்கள். அந்தச் சாவிகள் இன்று பேரப்பிள்ளைகளின் கைகளில் இருக்கின்றன. திரும்பிச் செல்லும் அவர்களின் உரிமையை அதே ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை தன் 194ஆம் தீர்மானத்தில் ஏற்றது. நம் நாட்டின் பங்கும் சிறியதன்று. காந்தியடிகள் 1938 நவம்பரிலேயே ஹரிஜன் இதழில் அரபியரின் உரிமைக்காக எழுதினார். 1947இல் ஃபலஸ்தீனத்தைக் கூறுபோடும் தீர்மானத்தை எதிர்த்து இந்தியா வாக்களித்தது. 1974இல் ஃபலஸ்தீன விடுதலை இயக்கத்தையும், 1988இல் ஃபலஸ்தீன நாட்டையும் அங்கீகரித்தது. ஆகவே ஃபலஸ்தீனியருக்காகக் குரல் கொடுப்பவர் நாட்டுக்கு விரோதமானவர் என்று எவரேனும் உங்களைப் பயமுறுத்தினால், இந்த ஆண்டுகளை எடுத்துச் சொல்லுங்கள்.

போர் மட்டுமே மக்களை வெளியேற்றுவதில்லை என்பதையும் கவனியுங்கள். மேற்குக் கரையின் தெற்கே ஹெப்ரோன் மலைப்பகுதியில் மஸாஃபிர் யத்தா என்னும் சிற்றூர்த் தொகுப்பு இருக்கிறது. ஆடு மேய்க்கும் எளிய மக்களின் பூமி. அதை இராணுவத் துப்பாக்கிப் பயிற்சிக்கான களம் என்று 1980களில் அறிவித்தார்கள். 2022 மே மாதம் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம், ஏறத்தாழ ஆயிரம் பேரை அங்கிருந்து வெளியேற்றத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது. சட்டமும் வரைபடமும் முத்திரையும் கொண்டே ஓர் ஊரை இல்லாமல் ஆக்கிவிட முடியும். திரைப்படங்களைப் பற்றிப் பேசும் வழக்கம் நமக்கில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்த ஊர்களைப் பற்றிய 'நோ அதர் லேண்ட்' என்னும் ஆவணப்படம் 2025இல் ஆஸ்கர் விருது பெற்றது. அதை எடுத்த நால்வரில் பாஸல் அத்ரா அவ்வூர் ஃபலஸ்தீனியர். யுவல் ஆப்ரஹாம் இஸ்ரேலிய யூதர். தன் சொந்த இராணுவம் இடித்த வீட்டின் முன்னால், வீட்டை இழந்தவரோடு நின்றவர் அந்த யூதர். அவரை நாம் மெச்சுகிறோம் அல்லவா?

அந்த மெச்சுதலை மனத்தில் வைத்துக்கொண்டு நம் பகுதிக்கு வாருங்கள்.

இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ஏகனாபுரம் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. பதின்மூன்று கிராமங்களில், ஐயாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அதற்குத் தேவை என்றார்கள். நெல் விளையும் வயல்களும் ஏரிகளும் கம்பன் கால்வாயும் அதற்குள் அடக்கம். ஏகனாபுரத்தில் வயல் மட்டுமன்றிக் குடியிருப்பு முழுவதுமே போகும் நிலை. பகலில் வேலைக்குச் சென்றவர்கள் இரவில் கூடி அமர்ந்து போராடினார்கள். கிராம சபையில் மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலை அவ்வூரார் புறக்கணித்தார்கள். 2025 ஜூலையில் வேறு சில கிராமத்தார் இழப்பீடு பெற்று நிலத்தைப் பத்திரம் செய்து கொடுத்ததும் உண்மை. அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை.

நாம் நிர்வாகக் குழுவில் கேட்டது இவ்வளவே: ஜமாஅத்தின் சார்பில் ஐந்து பேர் ஏகனாபுரம் சென்று அம்மக்களைச் சந்திக்க வேண்டும், அவர்கள் சம்மதமின்றி வீடுகளை எடுக்கக்கூடாது என்று மாவட்ட ஆட்சியரிடம் ஒரு மனு அளிக்க வேண்டும்.

ஒருவர் சொன்னார்: "ஹஜ்ரத், விமான நிலையம் வந்தால் நம் பக்கமும் மனை விலை ஏறும். நம் பிள்ளைகளுக்கு வேலை வரும்." இன்னொருவர், "அவர்கள் நம்மவர்கள் இல்லையே" என்றார். மூன்றாமவர் மெதுவாக, "நாம் போனால் விஷயத்துக்கு வேறு வண்ணம் பூசிவிடுவார்கள்" என்றார். இம்மூன்றில் மூன்றாவதை மட்டுமே நாம் உண்மையான தயக்கமாக ஏற்கிறோம். எனவேதான் இரகசியம் எதுவும் வேண்டாம், பொதுக்குழுவின் தீர்மானத்தோடு, பட்டப்பகலில், கோஷம் எதுவுமின்றிச் செல்வோம் என்கிறோம்.

முதலாமவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தொழிற்பகுதியால் நமக்கு நன்மை விளைந்ததை மறுப்பவர் நாமல்லர். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஆலைகள் எழுந்திராவிட்டால் இந்தப் பள்ளிக்கு மாடி எழுந்திருக்காது. ஆனால் நம் ஸஃப்பிலேயே, நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்த பணம் கரைந்த பின், அதே நிலத்தில் எழுந்த ஆலையின் வாயிலில் ஒப்பந்தக் காவலாளியாக நிற்பவரின் தந்தை தொழுகிறார். ஏக்கருக்கு எவ்வளவு தந்தார்கள் என்று கேட்டால் அவர் பதில் சொல்வதில்லை. எங்கே கிணறு இருந்தது, எங்கே புளியமரம் இருந்தது என்றுதான் சொல்கிறார்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது பள்ளிவாசலுக்கென்று ஓரிடம் தேர்ந்தார்கள். பேரீச்சம்பழம் உலர்த்தும் அந்தக் களம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவருடையது. அச்சிறுவர்கள் இலவசமாகவே தர முன்வந்தார்கள். நபியவர்கள் அவ்வாறு ஏற்க மறுத்து, விலை கொடுத்தே வாங்கினார்கள். கட்டப்படவிருந்ததோ மஸ்ஜிதுந் நபவீ! அதைவிடப் பெரிய பொதுநோக்கம் ஒன்று உண்டா? அதற்கே உரியவரின் மனச்சம்மதமும் விலையும் தேவைப்பட்டன.

இரண்டாமவருக்கு ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை நினைவூட்டுகிறோம். நபித்துவத்துக்கு முந்தைய காலம் அது. எமன் நாட்டு ஸபீதிலிருந்து மக்காவுக்குச் சரக்கு கொண்டுவந்த ஒரு வணிகரிடம் ஆஸ் இப்னு வாயில் என்னும் செல்வாக்குள்ளவர் பொருளை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தார். கேட்பாரற்ற அந்த அந்நியர் அபூ குபைஸ் மலைமேல் ஏறி நின்று நியாயம் கேட்டுக் கதறினார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் சில குலத்தார் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று சத்தியம் செய்தனர். அங்கிருந்தோர் சிலைகளை வணங்கியவர்கள். இளைஞராயிருந்த நம் நாயகமும் அந்தச் சபையில் இருந்தார்கள். பிற்காலத்தில், இஸ்லாம் வந்த பிறகும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் தாம் செல்வதாகக் கூறினார்கள். அந்த எமன் வணிகர் எந்தக் குலத்தார், எந்தச் சமயத்தார் என்று எவரும் கேட்கவில்லை.

கேளம்பாக்கத்தில் தங்கியுள்ள ரோஹிங்யா அகதிகளுக்கு ரமளானில் அரிசி அனுப்ப வேண்டும் என்றால் நம் ஜமாஅத்தில் ஒரே நாளில் மூட்டைகள் சேர்ந்துவிடும். அது நல்லமல், எளிதான அமலும்கூட, ஏனெனில் அவர்கள் கலிமாச் சொன்ன நம் சகோதரர்கள். 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரமே அவகாசம். அவர்கள் தமிழே பேசியவர்கள். விரட்டியவர்களும் தமிழே பேசியவர்கள். புத்தளத்தின் ஓலைக் கொட்டகைகளில் ஒதுங்கிய அந்த மக்கள், நம் அயலார் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டிருப்பார்கள். அதே கேள்வியை ஏகனாபுரத்தார் நம்மைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வோம்?

காஸாவையும் ஏகனாபுரத்தையும் நாம் ஒரே தராசில் வைக்கவில்லை. அங்கே குண்டும் பட்டினியும். இங்கே நீதிமன்றமும் வாக்குரிமையும் இழப்பீடும் உண்டு. ஒன்றாக்கிப் பேசுவது ஃபலஸ்தீனியரின் இரத்தத்துக்கு அநீதி. நாம் சொல்வது நம்மைப் பற்றியது. எட்ட இருக்கும் அநீதிக்கு அழுவதால் நமக்கு எந்த இழப்பும் இல்லை. பக்கத்து ஊருக்குப் போனால் மனை விலையைப் பற்றிய ஒரு கனவையேனும் இழக்க வேண்டும். நீதிக்குச் சாட்சியாக நிற்பதைப் பற்றிப் பேசும் நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நம்மையும் நம் பெற்றோரையும் உறவினரையும் பாதித்தாலும் என்று அல்லவா சேர்த்துச் சொல்கிறது!

நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். 2023இல் அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் நிக்காஹ் நடத்தி வைத்துத் திரும்புகையில், வழியில் பதாகையோடு பெண்கள் அமர்ந்திருந்தார்கள். வண்டியை நிறுத்தலாமா என்று ஓட்டுநர் கேட்டார். அஸருக்கு நேரமாகிறது என்றோம். நேரம் இருந்தது.

தீர்மானத்தின் நகல் முத்தவல்லி அவர்களின் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, உடன்படுவோர் கையொப்பமிடலாம். உடன்படாதோர் காரணத்தை எழுதித் தரலாம், அதையும் அறிக்கையில் சேர்ப்போம். ஃபலஸ்தீன நிதிக்கென்று அறிமுகமற்றோர் எவரேனும் வீடு தேடி வந்தால் பணம் கொடுக்காமல் அலுவலகத்தில் கேளுங்கள். ஏகனாபுரம் செல்வோருக்கான வேன் ஞாயிறன்று லுஹர் தொழுகை முடிந்ததும் பள்ளி வாயிலிலிருந்து புறப்படும். இதுவரை மூன்று பெயர்கள் வந்துள்ளன; இருவர் தேவை.

வஸ்ஸலாம்.