ஐப்பசி மழைக்கு ஒரு நோட்டு

2015 டிசம்பர்ல எங்க வேளச்சேரி வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. அதுக்கப்புறம் மழைச் சத்தம் கேட்டாலே அம்மா தூங்க மாட்டாங்க.

அதனால மூணு வருஷமா, அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் மொட்டை மாடியில ஒரு மழைமானி வைக்கிறேன். வானிலை ஆய்வு மையம் மாதிரியே தினமும் காலை 8.30-க்கு அளவெடுத்து நோட்டில் எழுதுவேன். தெருத் தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்ததுன்னும் குறிப்பேன். மழை இல்லாத நாளுக்கு 0, அளக்க மறந்த நாளுக்கு ஒரு கோடு. ரெண்டும் ஒண்ணில்லைன்னு கோடிங் பண்றவங்களுக்குத் தெரியும்.

போன வாரம் நடுராத்திரி கொட்டித் தீர்த்தது. டார்ச் அடிச்சுப் பார்த்தேன்: 40 மில்லிமீட்டர். அம்மா நோட்டைப் புரட்டினாங்க. "போன வருஷம் 70-க்கே ரெண்டாவது படி தாண்டலடா"ன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டாங்க.

நான்தான் விடியற வரைக்கும் தூங்கல.