சேர்ந்து கற்றதை எழுதி வைப்போம்

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற கல்வி மாலையில், ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். மேற்படிப்பு, உதவித்தொகை, வேலைவாய்ப்பு இவற்றையெல்லாம் பற்றிப் பேச இங்கே தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது சிறிய விஷயம். தொடக்கப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து எதைக் கற்றது, எப்படிக் கற்றது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பது. இவ்வளவுதான் பொருள். இதற்கு ஒரு கூட்டமா என்று நினைக்காமல் சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் மதிப்பெண் அட்டையை எடுத்துப் பாருங்கள். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். அந்தப் பிள்ளை இந்த உலகத்தில் தன்னந்தனியாக உட்கார்ந்து, ஐந்து தனித்தனி அறைகளில் படித்ததைப் போலத் தோன்றும். உண்மையில் பிள்ளைகள் அப்படியா படிக்கிறார்கள்? பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து, அவனோடு சண்டை போட்டு, அவனுக்குச் சொல்லிக் கொடுத்து, அவனிடமே திரும்பக் கேட்டு அல்லவா படிக்கிறார்கள்? அந்தப் பகுதி முழுவதும் அட்டையில் விழாமல் போகிறது.

கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தது. அதற்குச் சில நாள் முன்பு, 2021 அக்டோபர் 27ஆம் தேதி, மரக்காணம் வட்டாரத்து முதலியார்குப்பத்தில்தான் முதலமைச்சர் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கி வைத்தார். மாலை நேரத்தில் தன்னார்வலர் ஒருவர், சுற்றிலும் பல வகுப்புப் பிள்ளைகள். ஒன்றாம் வகுப்புக்காரியும் ஐந்தாம் வகுப்புக்காரனும் ஒரே பாயில் அமர்ந்தால் என்ன நடக்கும்? பெரியது சின்னதற்குச் சொல்லிக் கொடுக்கும். சின்னது கேட்கும் கேள்விக்குப் பெரியதுக்குப் பதில் தெரியாமல் விழிக்கும். அதுவும் படிப்புதான். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்ற கணக்கு எங்காவது இருக்கும். யார் யாருக்கு எதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எழுதி வைத்த வீடு நம்மில் எத்தனை?

பிள்ளைக்குப் பிள்ளை கற்பிப்பது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் போர்வீரர்களின் ஆதரவற்ற மைந்தர்களுக்கான பள்ளியை ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃபிரிஸ்கின் என்பவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். 1797இல் பெல் அதை லண்டனில் நூலாக அச்சிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. நம் கரையின் மணல் அங்கே போய்ப் பாடத்திட்டமானது என்று சொல்லலாம். ஆனால் பெல் தம் பள்ளியில் பிள்ளைகளின் குற்றங்களை எழுதக் 'கறுப்புப் புத்தகம்' என்று ஒன்றை வைத்திருந்தார். வாரந்தோறும் அதைத் திறந்து, சக மாணவர்களே தீர்ப்புச் சொல்வார்கள். ஒருவன் இன்னொருவனுக்குக் கற்பித்ததைக் கொண்டு ஒரு முறையையே கண்டுபிடித்தவர், அந்தப் புத்தகத்தில் பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதி வைத்தது தவறுகளை! இந்தப் பழக்கம் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. பிள்ளையைப் பற்றிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தால், நமக்கு முதலில் வயிற்றைக் கலக்குகிறதா இல்லையா?

நிற்க. நம் காலத்துக்கு வருவோம். 2003இல் சென்னை மாநகராட்சியில், அப்போது ஆணையராக இருந்த திரு. எம். பி. விஜயகுமார் அவர்களின் முயற்சியால், 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையை ஒட்டியது அது. 2007–08இல் தமிழ்நாட்டின் அரசு, உதவி பெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. கற்றல் ஏணி, படம் போட்ட அட்டைகள், பிள்ளை எட்டிப் பிடிக்கும் உயரத்தில் கரும்பலகை, வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் இவையெல்லாம் உங்களில் இளைய பெற்றோருக்கு நினைவிருக்கும். பலர் அதில் படித்தவர்கள்தாமே! அதில் எனக்கு மிகவும் பிடித்தது, வகுப்பில் பிள்ளைகள் அமரும் குழுக்கள். ஆசிரியர் உதவியோடு கற்போர் ஒரு குழு, சக மாணவர் உதவியோடு கற்போர் ஒரு குழு, தானே கற்போர் ஒரு குழு என்று வெளிப்படையாகவே வைத்திருந்தார்கள். நண்பனிடம் கேட்டுக் கற்பது 'பார்த்து எழுதுகிற' குற்றமாக இல்லாமல், முறையான ஒரு படியாக அங்கீகாரம் பெற்றது. ஆனால் சுவரில் மாட்டிய அடைவு அட்டவணையில் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறான் என்றுதான் தெரிந்தது. யாருடைய கையைப் பிடித்து ஏறினான் என்று தெரியவில்லை.

பிறகு 2012–13இல் முப்பருவ முறையும், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. 60 மதிப்பெண் பருவத் தேர்வுக்கு. 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு. அந்த 40இல் பாதி செயல்பாடுகளுக்கு. நல்ல எண்ணம்தான். ஆயினும் செயல்பாடு என்றவுடன் சார்ட் தாள் வாங்கி, கடையில் படம் வாங்கி, இரவு பத்து மணிக்கு அம்மா ஒட்டிக் கொடுத்தது எத்தனை வீடுகளில் நடந்தது! 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைக் குழுவாக்கிக் கற்பிக்கிறார்கள். மதிப்பீடு கைப்பேசியில் ஏறுகிறது. பதிவுகள் பெருகப் பெருக, பாடம் நடத்த நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வதிலும் நியாயமுண்டு. ஆகவே இன்னொரு பதிவேட்டை அவர்கள் தலையில் வைக்க நான் வரவில்லை.

நான் சொல்லுவதைக் கடற்கரையில் நின்று காட்டுகிறேன்.

புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1980களின் பிற்பகுதியில் எழுந்தன. இந்தக் கரையோரம் ஆண்டில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். சுவர் குறுக்கே நின்றதால் தெற்கே மணல் தேங்கிற்று. வடக்கே உள்ள நம் கரைகளுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை. வலை உலர்த்திய இடம் எங்கே இருந்தது என்று தாத்தாமார்கள் கடலுக்குள் கை காட்டுகிறார்கள்.

இப்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர், பெரியவர் ஒருவர் துணையோடு, மாதம் ஒருமுறை ஒரு தென்னை மரத்திலிருந்து ஈர மணல் வரை அளக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அளவுநாடா இல்லை; கயிறு உண்டு. ஒரு சிறுமி பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போடலாம் என்கிறாள், அப்பா ஆழம் பார்ப்பது பாகத்தில் அல்லவா? ஒரு பாகம் ஆறடி. மீட்டரில் ஏறத்தாழ 1.83. இங்கே கணக்கு வந்துவிட்டது. பெருக்கலில் அவள் தடுமாறுகிறாள். பக்கத்துப் பையன் மணலில் கோடு கிழித்துக் காட்டுகிறான். மாதம் முதல் தேதி அளப்போம் என்று முடிவு செய்கிறார்கள். அவள் தாத்தா சிரிக்கிறார்: “தேதிக்கா தண்ணி ஏறி இறங்குது? அமாவாசைக்கு அமாவாசை, ஒரே நேரத்துல அளங்க.” இது அறிவியல். கரை ஏன் குறைந்தது என்று கேட்கப்போய்த் துறைமுகக் கதை வருகிறது. அது சமூக அறிவியல். கேட்டதை எழுதினால் தமிழ்.

அந்தத் தமிழில்தான் சுவை. “கரைய கடலு தின்னுடுச்சி” என்று தாத்தா சொன்னதை அவள் அப்படியே எழுதுகிறாள். தோழி அடித்துவிட்டு, “கடல் அரிப்பு ஏற்பட்டது” என்று புத்தகத்தில் உள்ளதைப் போட்டுத் திருத்துகிறாள். “எங்க தாத்தா அப்படிச் சொல்லல” என்று இவள் விடமாட்டேன் என்கிறாள். முடிவில், தாத்தா சொன்னது மேற்கோள் குறிக்குள், விளக்கம் புத்தக நடையில் என்று இருவரும் உடன்படுகிறார்கள். பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு என்ற பாடத்தை இதைவிட நன்றாக எந்த ஆசிரியை நடத்த முடியும்?

இதே சிறுமிக்குக் கணக்கில் 34 மதிப்பெண் என்று அட்டை சொல்லக்கூடும். அது பொய்யன்று. ஆனால் பாகத்தை அளவையாகக் கொண்டுவந்தவள் அவள். அமாவாசையைக் கண்டு வந்து சொன்னவள் அவள். பெருக்கலில் மட்டும் துணை தேவைப்பட்டவள். இதை எழுதினால் நாலு வரி. எழுதாவிட்டால், ஆறாம் வகுப்புக்கு வேறு ஊர்ப் பள்ளிக்குப் போகும்போது அவளோடு மாற்றுச் சான்றிதழும் அந்த 34உம் மட்டுமே போகும். புதிய ஆசிரியர் அவளை எங்கே உட்கார வைப்பார்? 'இதுக்குப் படிப்பு ஏறாது' என்ற சொல்லைக் கேட்டுப் பாதியில் நின்ற பிள்ளைகள் கடற்கரைத் தெருக்களில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு இந்த நோட்டின் மேல் இவ்வளவு பிடிவாதம் அதனால்தான்.

எழுதும் முறையைப் பற்றி ஓரிரு வார்த்தை. “குழுவில் நன்றாக ஒத்துழைக்கிறாள்” என்று எழுதாதீர்கள். அது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும். ஆகவே எந்தப் பிள்ளைக்கும் பயன்படாது. நாள், என்ன வேலை, யாரோடு, இவள் சொன்னது அல்லது செய்தது, எங்கே தடுக்கிற்று, யார் உதவினார், மறுமுறை தானே செய்தாளா? இவ்வளவு போதும். கரைவலை இழுக்கும்போது வலை எல்லாருடையதுதான்; ஆனால் எந்தக் கயிற்றில் யார் நின்றார் என்பது ஊருக்குத் தெரியும், பங்கும் அதன்படி. 'குழு செய்தது' என்று பொதுவாக எழுதினால், ஒருவன் மட்டும் இழுத்து மூவர் வேடிக்கை பார்த்ததும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். பேசாத பிள்ளையை அடுத்த முறை சற்றுக் கூடுதலாகக் கவனியுங்கள். பேசாமலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது அதுவாக இருக்கலாம். ஒத்துழைப்புக்கு மட்டும் தயவுசெய்து மதிப்பெண் போடாதீர்கள். போட்ட நாளிலிருந்து பிள்ளைகள் உதவுவதைப் போல நடிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

பிள்ளைக்கு மாதம் ஒரு பக்கம் போதுமானது. வகுப்பில் 25 பிள்ளைகள், மாதத்தில் 22 பள்ளி நாட்கள் என்றால், நாளைக்கு ஏறக்குறைய ஒரு பிள்ளை. ஆசிரியர் எழுதலாம்; மாலை வகுப்பு நடத்தும் நம் இளம்பெண்கள் எழுதலாம்; எழுதத் தெரியாத தாய் சொல்ல, மூத்த பிள்ளை எழுதலாம். எழுதியதைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். “அது நான் சொல்லல டீச்சர், அவன் சொன்னான்” என்று திருத்தினால், திருத்தத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

இத்தாலியில் ஃபிளாரன்சுக்கு அருகே மலைமேல் பார்பியானா என்ற சின்னப் பங்கு. 1954இல் அங்கே அனுப்பப்பட்ட அருட்தந்தை லொரென்சோ மிலானி, பள்ளியில் தோற்று வெளியேறிய உழவர் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் பள்ளி நடத்தினார். அங்கே ஒருவனுக்குப் புரியும் வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளில் எட்டுப் பேர் சேர்ந்து, தோன்றியதைத் துண்டுத்தாள்களில் எழுதி, அடுக்கி, வெட்டி, ஒட்டி, ஓர் ஆசிரியைக்கு எழுதும் கடிதமாக ஒரு நூலையே ஆக்கினார்கள். 1967இல் அது வெளிவந்தது. எந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் தோற்கிறார்கள் என்று அவர்களே கணக்கெடுத்து அதில் போட்டார்கள். 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் மிலானியின் கல்லறைக்குச் சென்று செபித்தார். நம் பிள்ளைகள் அவ்வளவு பெரிய காரியம் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே செய்வதை நாம் எழுதினால் போதும்.

கரை அளக்கும் வேலையை இந்த யூபிலி ஆண்டிலேயே தொடங்கலாம் என்று பங்குத் தந்தை அவர்கள் இசைவு தந்திருக்கிறார். வரும் அமாவாசையன்று காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் கரைக்கு வருவார்கள். துணைக்குப் பெரியவர்கள் இருவர் வேண்டும். வீட்டில் பயன்படாத வலைக் கயிறு இருபது பாகம் நீளத்தில் இருந்தால் யாராவது கொடுத்து உதவுங்கள். நைலான் வேண்டாம், முடிச்சு வழுக்கும். நோட்டுகளை மாதர் சங்கத்தார் வாங்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் பெயரை அட்டையில் அந்தந்தப் பிள்ளையே எழுதட்டும்.