ஆற்றில் இறங்க யாரைக் கேட்க வேண்டும்?

(அமிர்தியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



கடைசி வருஷம் நாம் இதே அமிர்திக்கு வந்தது நினைவிருக்கும். இரண்டு லாரி டியூபைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு ஆற்றில் இறக்கினோம். காவலர் ஒருவர் வந்து, "யாரைக் கேட்டுத் தம்பி இறங்கினீங்க?" என்றார். "ஆறு பொதுச் சொத்துதானே அண்ணே!" என்று வாயடித்தேன். சிரித்துக்கொண்டே கரையேறச் சொன்னார்.

யார் சொன்னது சரி? இருவர் சொன்னதும் சரிதான். 1996-ல் பியாஸ் ஆற்றங்கரை வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆறும் காடும் மக்களுக்கு உரியவை, அரசு அவற்றுக்கு தர்மகர்த்தா மட்டுமே என்றது. ஆனால் இது காப்புக்காடு, அனுமதி வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003-ம் வருஷச் சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொள்ளும் எவரும் ஆற்றிலும் ஏரியிலும் துடுப்புப் போடலாம். இங்கே அப்படி ஒரு பொதுச் சட்டம் கிடையாது.

இதைவிட வேடிக்கை, 2016-ம் வருஷத் தேசிய நீர்வழிச் சட்டம். அதன் பட்டியலில் உள்ள 111 நீர்வழிகளில் நம்ம பாலாறும் ஒன்று. வேலூரிலிருந்து கடல் வரை! பாலத்தில் நின்று பாருங்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலும் பள்ளமும் முள்செடியும்தான். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது ஊரே கூடி வேடிக்கை பார்த்தது.

இந்த அமிர்தித் தண்ணீரும் நாகநதியாக ஓடி, செய்யாற்றில் சேர்ந்து, கடைசியில் பாலாற்றுக்குத்தான் போக வேண்டும்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கட்டுமான வேலையில் இருப்பவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "ஆத்து மணல்தான் வேணும்" என்று அடம்பிடித்து இறக்கிய லோடுகளுக்குக் கணக்கில்லை. மணல்தான் மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுகிறது. அதை அள்ளினால் படுகை இறங்கும், பக்கத்துக் கிணறும் வற்றும். இதை நமக்கு வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். பாலாறு வறண்டதற்கு மணல் மட்டும் காரணமில்லை. மேலே தடுப்பணைகளும் உண்டு. ஆனால் என் கையெழுத்து இருப்பது மணல் ரசீதில்.

படகு விடும் உரிமையைக் கேட்போம், தப்பில்லை. ஆனால் தண்ணீரில்லாத ஆற்றில் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இப்போது சோதனைச் சான்று பார்த்து எம்-சாண்ட்தான் போடுகிறேன். நம் செட்டில் வீடு கட்டுகிறவர்களும், கட்டிக் கொடுக்கிறவர்களும் அப்படியே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் காவலரின் கேள்வி, மணல் அள்ளப் போன ஒவ்வொரு லாரியோடும் நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி: யாரைக் கேட்டு இறங்கினோம்?