இறுதி நோயும் மீட்பும்

புனேயின் ஏரவாடாப் பகுதியிலுள்ள ஆகா கான் மாளிகையில் சிறைவைக்கப்பட்டிருந்த கஸ்தூரிபா, 1944 பிப்ரவரி 22 அன்று கணவர் காந்தியின் மடியில் உயிர்நீத்தபோது, மகன் தேவதாஸ் முயன்று வரவழைத்த பெனிசிலின் ஊசி, காந்தி உடன்படாமையால், போடப்படாமலே இருந்தது. கங்கை நீரும் பஜனையுமே துணையாயின. புனைகதையோ சமய நம்பிக்கையின் இத்தகைய உறுதியை எளிதில் வழங்குவதில்லை. காந்தி பெரிதும் மதித்த டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட ‘இவான் இலியிச்சின் மரணம்’ என்னும் குறுநாவலில், பாவசங்கீர்த்தனம், அதாவது பாதிரியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் சடங்கு, நோயாளிக்குச் சற்றுநேர ஆறுதலையே தருகிறது. அவனது கால்களைத் தோளில் தாங்கி வலி தணிக்கும் பணியாள் கெராசிமின் பொய்யற்ற பரிவும் (மருத்துவர்களின் பூசிமெழுகும் பேச்சுக்கு நேர்மாறானது இது), கையை முத்தமிட்டு அழும் மகன்மீது இறுதியில் சுரக்கும் இரக்கமுமே மீட்பை, அதாவது மரண அச்சத்திலிருந்து விடுதலையை, அவனுக்கு அளிக்கின்றன.