மூச்சுக்குத் தவணை உண்டோ?

(சாகுபுரத்தில் ஆற்றிய உரை)



உப்பு விளையும் மண்ணிலே நின்று உங்களோடு பேசுகிறேன். உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடா பிரித்தெடுக்கும் தொழில், 1950களின் இறுதியில் இந்த ஊருக்கு வந்தது. உப்பு இங்கே உண்டு, மின்சாரம் வேண்டுமே! மின்சாரத்துக்கு நிலக்கரி வேண்டும். கரி எரிந்தால் புகை வரும். அந்தப் புகைக்குப் பொறுப்பு யார் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

வடக்கே தூத்துக்குடியைப் பாருங்கள். 1979இல் அங்கே அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கிற்று. 1992க்குள் அலகுகள் ஐந்தாயின. ஒவ்வொன்றும் 210 மெகாவாட். 2015இல் அங்கே 500 மெகாவாட் அலகுகள் இரண்டு எழுந்தன. ஒடிசாவின் கரி கப்பலேறி வந்தது. நாட்டுக்கு ஒளி தந்தது. இதை மறுப்பார் இல்லை. நிலையத்தை மூடுக என முழங்க நான் வரவில்லை. அங்கே உழைப்போர் நம்மவர். அந்த விளக்கொளியில் படிப்போர் நம் பிள்ளைகள். நாம் கேட்பது ஒன்றே: ஒளி தரும் உலை, நோயையும் சேர்த்துத் தரலாமா?

புகையில் இருப்பவற்றுள் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று சாம்பல். நம் நாட்டுக் கரியில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு சாம்பலே. அந்தத் தூசிக்கு மின்னேற்றி, தகடுகளில் ஒட்டச் செய்து பிடிக்கிறார்கள். மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாத கந்தக டை ஆக்சைடு. தகடு இதைப் பிடிக்காது. சுண்ணாம்புக்கல் கரைத்த நீரைப் புகைமீது பொழிய வேண்டும். வாயு ஜிப்சமாக மாறி அடங்கும். வித்தை புதிதன்று, வெளிநாடுகள் பல்லாண்டுகளாகக் கையாள்வது.

2015 டிசம்பரில் இந்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் விதி வகுத்தது. 2003 வரை நிறுவப்பட்ட நிலையங்களில், ஒரு கன மீட்டர் புகையில் தூசி 100 மில்லிகிராமை மிஞ்சலாகாது. கந்தக டை ஆக்சைடு, 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகுகளில் 600. அதுவும் அதற்கு மேற்பட்டதுமான அலகுகளில் 200. கெடு இரண்டே ஆண்டு! 2017 வந்தது, விதி நிறைவேறவில்லை. கெடு 2022க்குத் தள்ளப்பட்டது. மீண்டும் தள்ளப்பட்டது, மீண்டும், மீண்டும்! 2025 ஜூலையிலோ, ஏறத்தாழ நூற்றுக்கு எழுபத்தெட்டு நிலையங்கள், புகைபோக்கியின் உயர விதியை நிறைவேற்றினால் போதுமெனக் கந்தக வரம்பிலிருந்தே விடுவிக்கப்பட்டன.

அரசு காரணம் கூறுகிறது: நம் கரியில் கந்தகம் குறைவு, கருவிக்குச் செலவு மிகுதி, காற்றில் அந்த வாயு வரம்புக்குள்ளே இருக்கிறது. இவற்றில் உண்மையே இல்லை என்று கூறமாட்டேன். கந்தகம் குறைவுதான். ஆனால் அந்தக் கரியை மலை மலையாக எரித்தால்? வாயு, காற்றில் கலந்து நுண்துகளாக உருமாறுகிறது. நுரையீரலின் ஆழம் வரை செல்கிறது. வாயுவை மட்டும் அளக்கும் கருவியில் அந்தத் துகள் அகப்படுமா? உயர்ந்த புகைபோக்கி நஞ்சை அழிப்பதில்லை. அடுத்த ஊருக்கு அனுப்புகிறது. பிரிட்டனின் புகை கடல் கடந்து ஸ்காண்டிநேவிய ஏரிகளில் அமில மழையாய் இறங்கியதை உலகம் அறியும். கருவி வாங்காமல் மிச்சப்படுத்திய பணமும் மிச்சமன்று. மருத்துவமனை வாயிலில் ஏழை எண்ணிக் கொடுக்கும் பணம் அது!

1952 டிசம்பரில் லண்டன் மாநகரைக் கரிப்புகை சூழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அங்கே பிணங்களை எண்ணிய பின் சட்டம் வந்தது. இங்கே சட்டத்தை எழுதிய பின், அதைத் தள்ளி வைத்தார்கள்!

தூத்துக்குடியின் நிலை யாது? 2019இல் தேசியத் தூய காற்றுத் திட்டம் வெளியானபோது, காற்றுத் தரம் தவறிய 102 நகரங்களின் பட்டியலில் தமிழ்நாட்டின் ஒரே ஊராக நின்றது தூத்துக்குடி. அத்தகைய நகரங்களின் 10 கிலோமீட்டருக்குள் உள்ள நிலையங்களுக்கு விலக்கு தானாக வாராது. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும் என்கிறது 2025 ஆணை. ஆகவே, தோழர்களே, கதவு இன்னும் அடைபடவில்லை. அந்த ஆய்வின் முடிவு என்ன என்று கேளுங்கள். புகைபோக்கியில் பொருத்திய அளவி காட்டும் எண்ணை, வாயிலிலே தமிழில் எழுதி வைக்கக் கோருங்கள். எண் தெரிந்த மக்களை ஏய்ப்பது எளிதன்று.

இது முத்துக் கரை. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு ஓய்ந்தது. அதன் பாடம் ஓயவில்லை. கடலில் மூழ்கியவன் மூச்சடக்கினான். கயிற்றை அசைத்ததும் படகில் இருந்தவன் இழுத்தான். அப்போது அவன் தவணை கேட்டதுண்டா? இன்று கரையில் வாழ்வோன் கயிற்றை அசைக்கிறான். மறுமுனை நம் கையில் இருக்கிறது. இழுப்போம், வாருங்கள்!