மீன் வலையும் மண் கரையும்

2018 ஆகஸ்டில் கொச்சியில் இருந்த யாருக்கும் 2,400 அடி என்ற கணக்கு மறந்திருக்காது. இடுக்கி அணையின் நீர்மட்டம் அதை நெருங்க நெருங்க, மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டை இறக்குகிறவர் முதல் ஆலுவாவில் பெரியாற்றங்கரையில் வீடு கட்டியிருப்பவர் வரை, ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்டது "இப்ப எத்தனை அடி?" என்றுதான். ஆகஸ்ட் 9ஆம் தேதி அதே நீர்த்தேக்கத்தில் உள்ள செறுதோணி அணையின் ஷட்டரைத் திறந்தார்கள், 26 ஆண்டுக்குப் பிறகு. பெரிய அணைக்கு இந்த வசதி உண்டு. அதற்கு ஒரு பெயர் இருக்கும், அளவுகோல் இருக்கும், நடுராத்திரியிலும் விழித்திருந்து பார்க்க ஆள் இருக்கும். முல்லைப்பெரியாறு அணையைப் பற்றிப் பேசப்போகிறேனோ என்று பயப்படாதீர்கள். அதைப் பேச இரண்டு மாநிலங்களும் ஓர் உச்ச நீதிமன்றமும் இருக்கின்றன. நான் பேச வந்தது பெயரே இல்லாத அணைகளைப் பற்றி.

மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மணக்கிற ஏலக்காய் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கி வருவது. ஏலச்செடிக்குக் கோடையில் தண்ணீர் வேண்டும். அதற்காகத் தோட்டக்காரர் ஓடைக்குக் குறுக்கே மண் கரை போடுவார். அல்லது சரிவில் குழி வெட்டி, வெட்டிய மண்ணையே சுற்றிலும் கரையாக்கி, உள்ளே பிளாஸ்டிக் விரித்துப் 'படுதாக்குளம்' அமைப்பார். தண்ணீர் நின்றால் மீன் குஞ்சும் விடுவார். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டக்காரர் தம் குளத்தைப் பெருமையாகக் காட்டினார். உபரி நீர் வெளியேறும் குழாயின் வாயில் வலை கட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "மீன் போயிடக் கூடாதில்ல?" என்றார்.

அந்த வலையைப் பார்த்ததும் எனக்கு அமெரிக்காவில் உள்ள ஜான்ஸ்டவுன் ஞாபகம் வந்தது.

பென்சில்வேனியாவில், ஜான்ஸ்டவுனுக்கு மேலே 14 மைல் தொலைவில், சவுத் ஃபோர்க் என்ற மண் அணை இருந்தது. உயரம் 72 அடி. கால்வாய்ப் போக்குவரத்துக்காக மாநில அரசு கட்டியது. ரயில் வந்ததும் கால்வாய்க்கு வேலையில்லாமல் போய், அணை கைமாறியது. இடையில் வாங்கிய ஒருவர் அடியிலிருந்த வார்ப்பிரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார். அதோடு, தேவைப்பட்டால் மதகைத் திறந்து நீரைக் குறைக்கும் வழி அடைபட்டது. 1879இல் செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகம் ஒன்று அதை வாங்கியது. ஆண்ட்ரூ கார்னகியும் ஹென்றி ஃப்ரிக்கும் அதில் உறுப்பினர்கள். குதிரை வண்டி போக வேண்டுமென்று கரையின் மேல்பகுதியைச் செதுக்கித் தாழ்த்தினார்கள். விலைகொடுத்து விட்ட மீன் தப்பிவிடுமே என்று உபரி நீர் வழியும் கலிங்கில் கம்பி வலை போட்டார்கள். கீழே இருந்த இரும்பாலைக்காரர்கள் 1880இலேயே ஒரு பொறியாளரை அனுப்பிப் பார்த்து எச்சரித்தார்கள். கழகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1889 மே 31, பெருமழை. அடித்து வந்த குப்பையும் கிளையும் வலையை அடைத்தன. தண்ணீர் கரைமேல் ஏறியது. பிற்பகல் கரை உடைந்தது. ஒரு மணி நேரத்துக்குள் வெள்ளம் ஊருக்குள் நுழைந்தது. இறந்தவர்கள் 2,209 பேர். நீதிமன்றம் ஒருவரையும் பொறுப்பாக்கவில்லை.

கல்லால் கட்டிய அணையின் மேல் தண்ணீர் வழிந்தால் பெரும்பாலும் தாங்கும். மண் கரை தாங்காது. வழிகிற நீர் கரையின் பின்சரிவை அரிக்கத் தொடங்கி, அரிப்பு மேலேறி உச்சியைத் தொட்டதும் கரை மொத்தமாகப் போகும். நம் ஏரிகளில் கரையைவிடத் தாழ்வாகக் கலிங்கு வைத்ததற்குக் காரணம் இதுதான். தென்மாவட்டங்களில் 'மறுகால் பாயுது' என்றால் கொண்டாட்டம். ஏரி நிறைந்ததற்காக மட்டுமல்ல, கரை பிழைத்ததற்காகவும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு எதிரி கரைக்கு உள்ளேயே இருக்கிறது. எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர், கரைக்குள் பதித்த குழாயை ஒட்டி ஊறும் நீர். 2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிரத்தில் ரத்தினகிரி மாவட்டத்துத் திவரே அணை உடைந்தபோது, அமைச்சர் ஒருவர் நண்டின்மேல் பழி போட்டார். நாடே சிரித்தது. வளைகள் கரையைக் கெடுக்கும் என்பதென்னவோ நிஜம். ஆனால் வளையைத் தேடி அடைக்கும் வேலை நண்டுடையது அல்ல.

தனியார் தேக்கும் தண்ணீருக்கு வருவோம். 2018 மே 9 இரவு, கென்யாவின் சோலாயில் ஒரு தனியார் பண்ணையின் மண் அணை உடைந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு உரிமமே இல்லை என்பது உடைந்த பிறகுதான் வெளியே பேசப்பட்டது. அடுத்த மாதம், ஜூன் 14 விடியற்காலை, நம் கோழிக்கோடு மாவட்டத்தில் கரிஞ்சோலை மலை சரிந்து 14 பேர் போனார்கள். மழைதான் முதல் காரணம். ஆனாலும் மலை உச்சியில் தனியார் ஒருவர் தேக்கிய தண்ணீரைப் பற்றி அப்போது கேள்விகள் எழுந்தன.

2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமையாளர் அரசானாலும் தனியாரானாலும் 15 மீட்டரைத் தாண்டிய அணைக்கு அது பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரையென்றால், கரை 500 மீட்டர் நீளமோ கொள்ளளவு பத்து லட்சம் கன மீட்டரோ என்பது போல ஏதாவதொரு நிபந்தனை சேர வேண்டும். பத்துக்குக் கீழே இருப்பது அதன் கணக்கில் வராது. எல்லாக் குட்டைக்கும் டெல்லியிலிருந்து ஆய்வாளர் வர முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு மீட்டர் கரைக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயமும் அதில் எட்டுக் குடும்பமும் இருந்தால், அவர்களுக்கு அது சின்ன அணையா? கரையின் உயரத்தை அளப்பதோடு, கீழே எத்தனை அடுப்பு எரிகிறது என்றும் பஞ்சாயத்து எண்ண வேண்டும்.

இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு தோட்டக்காரர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. நாம் எல்லோரும் கரைமேல் நின்று தண்ணீரைத்தான் பார்க்கிறோம். மறுபக்கம் இறங்கி, கரையின் அடிவாரத்தில் நடந்து பாருங்கள். கோடையிலும் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தால் அங்கே கசிவு இருக்கலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்த நீரைப் பிடித்துக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். தெளிவாக இருந்தால் குறித்துவைத்து, அடுத்த வாரம் மறுபடி பிடித்துப் பாருங்கள். அடியில் மண் படிந்தால், கரை உள்ளிருந்து கரைந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கே நீர்மட்டத்தை இறக்கத் தொடங்குங்கள், விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், கீழே லயத்தில் இருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். குழாய் வாயில் மீனுக்காகக் கட்டிய அந்த வலையை அவிழ்க்க மட்டும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.