எக்ஸ்ரே நார்மல், ஆனால் பேரன் காலை ஊன்றவில்லை
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். நம் குடியிருப்பில் பேரன் பேத்தி இல்லாத வீடு குறைவு என்பதால் இதைச் சொல்கிறேன்.

போன வருஷம் என் ஐந்து வயதுப் பேரன் ஒரு காலையில் எழுந்து வலது காலை ஊன்ற மாட்டேன் என்றான். முந்தின நாள் சறுக்குமரத்தில் விழுந்திருந்தான். சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவி விடலாம் என்று சொன்னது நான்தான். சாயங்காலம் ஜுரம் 102 டிகிரி. ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, முறிவு இல்லை, நார்மல் என்றார்கள். நாங்களும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாளும் ஜுரம் விடவில்லை. மருமகள் குழந்தைகள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த அம்மா கணுக்காலிலிருந்து மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஓர் இடத்தில் தொட்டதும் பிள்ளை அலறிவிட்டான். "எலும்பில் கிருமி இறங்கியிருக்கலாம், உடனே அட்மிட் செய்யுங்கள்" என்றார். ஆஸ்டியோமைலைட்டிஸ் என்று பெயராம்.

"எக்ஸ்ரே நார்மல்தானே?" என்று கேட்டேன். எலும்பில் ஏற்படும் மாற்றம் எக்ஸ்ரேயில் தெரிய பத்து நாள், இரண்டு வாரம்கூட ஆகும் என்றார். எனக்குப் புரிந்த பாஷையில் சொன்னால், கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, பாஸ்புக்கில் இன்னும் என்ட்ரி விழவில்லை. முதல் நாள் எக்ஸ்ரே முறிவு போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

குழந்தைகளுக்குக் கிருமி பெரும்பாலும் ரத்தத்தின் வழியாகவே எலும்புக்குப் போகிறது. நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக இருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ்தான் பல சமயம் காரணம். வளரும் எலும்பின் நுனிப் பக்கம் ரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால் அங்கே தங்கிவிடுகிறது. முழங்காலை ஒட்டி அதிகம் வருவது அதனால்தான்.

பிறகு ரத்தப் பரிசோதனை. சி.ஆர்.பி. சில மணி நேரத்திலேயே ஏறும், மருந்து வேலை செய்தால் சீக்கிரம் இறங்கும். ஈ.எஸ்.ஆர். ஏறுவதும் மெதுவு, இறங்குவதும் மெதுவு. வெள்ளை அணுக்கள் நார்மலாக இருந்தாலும் நோய் இல்லை என்று சொல்ல முடியாதாம். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க பிளட் கல்ச்சர். அதை ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன் எடுத்தால்தான் கிருமி வளர்ந்து தெரிய வாய்ப்பு அதிகம்.

அதனால்தான் டாக்டர் முதலில் கேட்டது, "வீட்டில் ஆன்டிபயாடிக் ஏதாவது கொடுத்தீர்களா?" ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த சிரப்பை நான் கையில் எடுத்ததும், மருமகள் பிடுங்கிக் குப்பையில் போட்டதும் உண்மை. அன்று கோபம் வந்தது. இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக எம்.ஆர்.ஐ. எலும்புக்குள் இருக்கும் வீக்கத்தை ஆரம்பத்திலேயே காட்டுவது அதுதான். அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைத்து எடுக்கிறார்கள். தேவைப்பட்டால் ஊசி வைத்துச் சீழ் எடுத்தும் பரிசோதிப்பார்கள். இடுப்பு மூட்டில் சந்தேகம் என்றால் அல்ட்ராசவுண்டில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கே சீழ் என்றால் அவசர ஆபரேஷன், மறுநாள் வரை தள்ளக் கூடாது. வாரக்கணக்கில் லேசான வலி, வீக்கம் என்றால் நம் நாட்டில் டி.பி.யையும் நினைக்க வேண்டும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கவனியுங்கள். அதற்கு ஜுரமே இல்லாமலும் இருக்கலாம். ஒரு கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருக்கும், துணி மாற்றும்போது வீறிடும்.

பேரனுக்குச் சில நாள் ஊசி, பிறகு பல வாரம் வாய்வழி மருந்து. சி.ஆர்.பி. எண்ணைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வந்தேன், பழைய பழக்கம். இப்போது ஓடுகிறான். கிருமி இருந்த இடம் எலும்பு வளரும் பகுதிக்குப் பக்கம் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு காலையும் அளந்து பார்க்கிறார்கள். அடுத்த அளவு தை மாதத்தில்.